வாங்கப்போகும் வீட்டின் சுவருக்குள் 400 லிட்டர் மீன்தொட்டி: வைத்துக்கொள்வதா, எடுக்கச் சொல்வதா?

புதுச்சாவி எழுதியது:

வீடு பிடித்துவிட்டது. விலையும் பேசி முடித்தாயிற்று. பத்திரம் பதிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் ஒரே சண்டை மீன்தொட்டியைப் பற்றியதுதான்.

மாடியில் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருக்கும் சுவரைக் குடைந்து தொட்டியை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். நானே டேப் பிடித்து அளந்தேன். நீளம் 150 செ.மீ., அகலம் 45, உயரம் 60. பெருக்கிப் பார்த்தால் 405 லிட்டர். மேலே கைவிட ஒரு மரக்கதவு. அதன் உயரம் ஒரு சாண்தான். கீழே அலமாரிக்குள் உருளையாக ஒரு ஃபில்டர், இரண்டு குழாய்களை மேலே நீட்டிக்கொண்டு சன்னமாக முனகுகிறது.

உள்ளே இருப்பவை: ஐந்து கிளவுன் லோச், மூன்று ஏஞ்சல், என் முழங்கை நீளத்துக்கு ஒரு பிளெக்கோ. வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். மகன் வீட்டோடு போகிறார். அங்கே இதற்கு இடமில்லை. "லோச்சுகளுக்குப் பதினான்கு வயது. வைத்துக்கொள்வதென்றால் அப்படியே விட்டுப்போகிறேன். வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் தேட வேண்டும்" என்றார். கெஞ்சவும் இல்லை, விற்கவும் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது.

என் அனுபவம் சின்ன வயதில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஒரு தங்கமீனும். எட்டு நாள் உயிரோடு இருந்தது. மனைவி அந்தச் சுவரில் புத்தக அலமாரி வைப்பதாக வீட்டைப் பார்த்த முதல் நாளே முடிவு செய்துவிட்டார். மகளுக்குப் பத்து வயது; ஐந்து லோச்சுக்கும் பெயர் வைத்துவிட்டாள். நான் மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பவன்.

முன்பின் பழக்கமில்லாதவன் இதை ஏற்றுக்கொள்ளலாமா? "மீன் அழகாக இருக்குமே" என்ற பதில் வேண்டாம். அழகாக இருப்பது எனக்கும் தெரிகிறது.

வெறுங்கை எழுதியது:

எடுக்கச் சொல்லுங்கள். வாங்குவது வீடு, மிருகக்காட்சிசாலை அல்ல.

பிளெக்கோ என்கிறீர்களே, அது கண்ணாடியைத் துடைத்துத் தரும் என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். விரல் நீளத்தில் வரும், 30 செ.மீ. தாண்டி வளரும். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். அதைச் சுத்தம் செய்யப்போவது மாதத்தில் பத்து நாள் ஊரில் இல்லாத நீங்களா?

மஞ்சள்வாளி எழுதியது:

வெறுங்கை சொன்னதில் பிளெக்கோ பற்றியது முழுக்க உண்மை. மற்றதற்கு நான் பட்ட கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடம் முன்பு நாங்கள் வாங்கிய வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது. 250 லிட்டர், பதினொரு மீன். முன்பு இருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பாவம், எத்தனை நாளாக இந்த அழுக்கில் கிடக்கின்றனவோ என்று குடிபோன அன்று மாலையே சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினேன். முக்கால்வாசித் தண்ணீரை வெளியேற்றினேன். ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். குழாய்த் தண்ணீரை நேரே பிடித்து நிரப்பினேன். இரவு பத்து மணிக்குத் தொட்டி பளிங்குபோல இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

விடிந்தபோது ஒன்பது மீன்கள் மேலே மிதந்தன.

நோய் என்றுதான் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நோய் இல்லை, நான்தான்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதைவிடச் சாதுவான நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைக் குறைக்க நாம்தான் தண்ணீர் மாற்ற வேண்டும். யாரும் மாற்றாமல் விட்டால் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்து பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், இறங்கிக்கொண்டே போகும். அமிலமான அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவும் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீன் சாகாது. ஏனென்றால் பிஎச் குறைவாக இருக்கும்போது அதில் ஏறத்தாழ முழுவதும் அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவத்தில் கிடக்கும். மீன்களும் மெல்ல மெல்லப் பழகி அந்தக் கெட்ட தண்ணீரிலேயே காலம் தள்ளும்.

அங்கேதான் என்னைப் போல ஒரு சுத்தக்காரன் வந்து சேருகிறான். நல்ல தண்ணீரை ஊற்றியதும் பிஎச் ஏறுகிறது. பிஎச் ஓர் அலகு ஏறினால் விஷ வடிவத்தில் இருக்கும் அம்மோனியாவின் பங்கு சுமார் பத்து மடங்காகிறது. 6-லிருந்து 8-க்குப் போனால் ஏறத்தாழ நூறு மடங்கு. முக்கால்வாசித் தண்ணீரை மாற்றியதால் மொத்த அளவு கால்வாசியாகிவிட்டது என்று வைத்தாலும் கணக்கு மீனுக்கு எதிராகத்தான் வரும். அதை அடக்க வேண்டிய பாக்டீரியாவை நான் ஏற்கெனவே குழாயடியில் பிழிந்து ஊற்றிவிட்டேன். மிச்சம் இருந்ததைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது.

ஆகவே பெரியவரிடம் "மீன் ஆரோக்கியமாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்பார், பொய்யும் அல்ல. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறார் என்று கேளுங்கள். கடைசியாக ஃபில்டரைத் திறந்தது எப்போது, எந்தத் தண்ணீரில் அலசினார், குளோரினுக்கு என்ன கலக்கிறார் என்றும் கேளுங்கள். ஒரு சோதனைப் பெட்டி வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னாலேயே சொட்டு விட்டுப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. பிஎச்சைத் தொட்டியிலும் குழாய்த் தண்ணீரிலும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் என் கதை உங்களுக்கும் காத்திருக்கிறது என்று பொருள்.

எண்கள் நன்றாக இருந்தால், பழக்கமில்லை என்று பயப்பட வேண்டாம். புதிதாகத் தொட்டி வைப்பவனுக்குத்தான் பாடு அதிகம். பாக்டீரியா குடியேறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டி கிடைக்கிறது. முதல் மாதம் அவர் செய்ததையே செய்யுங்கள். நம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக்கூடாத மாதம் அது.

பயணமும் பெரிய தடையல்ல. வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்போடு கொட்டிவிட்டுப் போகும் தீனியில்தான் ஆபத்து.

இன்னொன்று. கிளவுன் லோச் போர்னியோ, சுமத்ரா ஆறுகளின் மீன். நன்றாக வைத்தால் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். பதினான்கு வயது என்றால் கிழடு என்று எண்ண வேண்டாம். உங்கள் மகள் பள்ளி முடிக்கும்போதும் அவை இருக்கலாம்.

ரசமட்டம் எழுதியது:

மீனைப் பற்றி எனக்குத் தெரியாது. கட்டடம் என் தொழில்.

405 லிட்டர் என்றால் தண்ணீரே 400 கிலோவை ஒட்டி வரும். 12 மி.மீ. கண்ணாடியாக இருந்தால் அது 90 கிலோ. மணல், கல், அலமாரி எல்லாம் சேர்த்தால் 600-ஐத் தொடும். அது நிற்பது முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறோம். அதற்காக நாளைக்கே தளம் இறங்கிவிடும் என்று பொருளில்லை. அந்தக் கணக்கு தளம் முழுவதற்குமான பரவல் சுமை. தொட்டிக்கு நேர் கீழே சுமைதாங்கிச் சுவரோ உத்திரமோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழ்த்தளத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். உத்திரம் இல்லாமல் வெறும் தளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரைக் குடைந்தார்களே, அது எந்தச் சுவர், திறப்புக்கு மேலே சுமை தாங்கும் குறுக்கு விட்டமாக லின்டல் போட்டார்களா என்பதையும் கேளுங்கள்.

என்னை அதைவிட உறுத்துவது அந்த ஒரு சாண் கதவு. தொட்டியின் மூலைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது சிலிகான். அது நிரந்தரம் அல்ல; பத்துப் பதினைந்து வருடம் கடந்த தொட்டியை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நகத்தால் ஓரத்தை நெருடிப் பாருங்கள், உரிகிறதா என்று. வெளிப்பக்கம் இணைப்புகளின் கீழே வெள்ளையாக உப்புக் கோடு இருந்தால் மெல்லக் கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. பழைய சிலிகான்மேல் புது சிலிகான் ஒழுங்காக ஒட்டாது. மேலே பூசி மழுப்பியிருந்தால் அதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுதாகச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். அதற்குத் தொட்டி வெளியே வர வேண்டும். வருமா? சுவரை உடைக்காமல் வருமா? அளந்து பாருங்கள்.

மரக்கதவின் உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். கறுத்தோ உப்பியோ இருந்தால் நீராவி சுவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஒயர்கள் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு வராமல் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டும். அந்த இணைப்புக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம்.

இரண்டாம்மாடி எழுதியது:

எல்லோரும் மீனையும் சுவரையும் பார்க்கிறீர்கள். நான் புதுச்சாவியின் மனைவி பக்கம்.

எங்கள் வீட்டுத் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கியவர் அவர். வாளி தூக்கியவள் நான். ஏழு வருடம். நானூறு லிட்டரில் கால்பங்கு மாற்றுவதென்றால் நூறு லிட்டர். பத்து லிட்டர் வாளியில் பத்து நடை வெளியே, பத்து நடை உள்ளே. குழாயை நேரே குளியலறைக்கு இழுத்துவிட்டால் பாதி வேலை குறையும். அதை எனக்கு ஆறாவது வருடம்தான் யாரோ சொன்னார்கள். ஆகவே ஐயா, முதலில் உங்கள் வீட்டில் தீர்க்க வேண்டியது யார் கை நனையப்போகிறது என்பதைத்தான். மகள் செய்வாள் என்று சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை பெயர் வைக்கும், பாசி சுரண்டாது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடக்கூடாது. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்கவும் கூடாது. அதில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா தோலில் புகுந்தால் விரலில் கட்டிபோல வந்து மாதக்கணக்கில் ஆறாது. எனக்கு வந்தது. தோல் மருத்துவர் "வீட்டில் மீன் இருக்கிறதா" என்றுதான் முதலில் கேட்டார்.

நாங்கள் வீடு மாறியபோது மீன்களை ஒவ்வொன்றாக ஆள் பார்த்துக் கொடுத்தோம். இரண்டு மாதம் பிடித்தது. "குளத்தில் விட்டுவிடலாமே" என்று சொன்னவர்கள் பலர். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். பிளெக்கோ அப்படி விடப்பட்டுத்தான் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. தங்கமீன்கூடக் குளத்தைக் கலக்கிச் சேறாக்கிவிடும்.

எந்த முடிவானாலும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள். தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், விளக்கு, மீன்கள் எத்தனை, எல்லாம் பெயர் சொல்லி. "வேண்டாம்" என்பதானால் யார் எடுப்பது, எந்தத் தேதிக்குள், சுவரில் விழும் ஓட்டையை யார் அடைப்பது என்பதையும் சேர்த்து.

புதுச்சாவி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. வெறுங்கைக்கும்.

சோதனைப் பெட்டியோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர் சொட்டு மருந்தை வாங்கி அவரே விட்டார். அம்மோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் வண்ண அட்டையில் 20-க்கும் 40-க்கும் நடுவில். பிஎச் தொட்டியில் 6.8, குழாயில் 7.4. பிறகு அலமாரிக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் 80 லிட்டர். தேதி, அளவு, குறிப்பு. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு விடுபட்டிருந்தது. பக்கத்தில் "மருத்துவமனை" என்று மட்டும் எழுதியிருந்தார். மனைவி அந்தப் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ரசமட்டம் சொன்னதும் சரியாகப் போயிற்று. கீழே உத்திரம் இருக்கிறது, அது நல்ல செய்தி. தொட்டிக்கு வயது பதினாறு. வலதுபக்க மூலையில் சிலிகான் நிறம் மாறியிருந்தது. கேட்டதற்கு, ஐந்து வருடம் முன்பு லேசாகக் கசிந்ததால் உட்புறம் ஒருமுறை மேலே பூசியதாக ஒளிக்காமல் சொன்னார். திறப்பை அளந்தேன். சுவரை உடைக்காமல் தொட்டி வெளியே வராது. அதை உள்ளே வைத்த பிறகுதான் பக்கச்சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவிதான் சொன்னார்: "மீன் வேறு, கண்ணாடி வேறு. எதற்கு இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?" மூன்று வாரமாக எனக்கு அது தோன்றவில்லை.

ஆகவே இப்படி முடிவாகியிருக்கிறது. லோச்சுகள் ஐந்தும் எங்களோடு. ஏஞ்சல்களையும் பிளெக்கோவையும் பெரியவரின் நண்பர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தளத்து அறையில், மண்மேல் போட்ட தரையில், எல்லாப் பக்கமும் கை எட்டும்படி ஸ்டாண்டோடு புதுத் தொட்டி. அதே ஃபில்டர். குடிபோன முதல் மாதத்துக்குள் மாற்றிவிட்டுச் சுவர்த் தொட்டியை உடைத்து எடுப்போம். அந்த இடம் புத்தகங்களுக்கு. ஒப்பந்தத்தில் எழுதியாயிற்று. வாளி என் பொறுப்பு. வெளியூர் போகிற வாரம் தண்ணீர் மாற்றம் தள்ளிப்போகும், திரும்பிய மறுநாள் செய்ய வேண்டும். இதையும் மனைவி எழுதி வாங்கிக்கொண்டார், வேறொரு தாளில்.

மஞ்சள்வாளி, ஒரே ஒரு சந்தேகம். மாற்றும் நாளன்று ஃபில்டரை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்?

மஞ்சள்வாளி எழுதியது:

நிறுத்திவிட்டு மூடியே வைத்திருக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்தால் சில மணி நேரத்திலேயே பாக்டீரியா சாகத் தொடங்கும். ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்ச், பீங்கான் வளையங்கள் எல்லாவற்றையும் பழைய தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் ஒன்றை ஓடவிடுங்கள். அலசத் தோன்றும். அலசாதீர்கள்.

புதுத் தொட்டியை முதல் நாளே ரசமட்டம் வைத்து நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, கசிவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மறுநாள் பாதிவரை பழைய தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, முதலில் ஃபில்டர், பிறகு மீன். மாற்றுவதற்கு முந்தின நாள் தீனி வேண்டாம்.

லோச்சை வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே ஒரு முள் மறைந்திருக்கும். பயந்தால் அதை விரிக்கும், வலையில் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் இரண்டு பேருக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டுங்கள்.

புதுத் தொட்டியில் விட்ட இரவு ஐந்தும் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கிடக்கலாம். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லோச் தூங்குவது அப்படித்தான்.